சொல்லாமல் எடுத்த பதிவு: ஆசிரியர்கள் கேட்டவையும் என் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்தான்: பள்ளியில் தங்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட ஒலிப்பதிவு அல்லது காணொலி. பெயர், ஊர், பள்ளி அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

ஒரு மாணவரின் தந்தை என்னோடு போனில் பேசியதை எனக்குத் தெரியாமல் பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். புகார் கொடுத்தால் கைது செய்வார்களா?
*பட்டதாரி ஆசிரியை*

மாட்டார்கள். பேசும் இருவரில் ஒருவர் அந்தப் பேச்சைப் பதிவு செய்வதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த ஒட்டுக்கேட்பு, மூன்றாம் ஆள் நடுவில் புகுந்து கேட்பது. ஆனால் குழுவில் போட்டது வேறு கதை. பேச்சை வெட்டி, நீங்கள் சொல்லாததைச் சொன்னதுபோல் ஆக்கியிருந்தால் அது அவதூறாகும். அதற்கு வழக்குத் தொடரலாம். குழுவில் வந்த பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். இனி பெற்றோருடன் பேசும்போது மறுமுனையில் பதிவு ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சிபிஎஸ்இ பள்ளியில் வகுப்பறை கேமராவோடு மைக்கும் பொருத்திவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது சரியா?
*முதுகலை ஆசிரியர்*

கேமரா வைத்ததை எதிர்த்து நிற்பது கடினம். 2025 ஜூலையில் சிபிஎஸ்இ தன் இணைப்பு விதிகளைத் திருத்தி, வாசல், நடைபாதை, படிக்கட்டு, வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவு செய்யும் கேமரா வேண்டும் என்றது. கழிப்பறைகளுக்கு மட்டும் விலக்கு. குறைந்தது 15 நாள் பதிவைச் சேமித்து வைக்க வேண்டும்.

ஆனால் அது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வந்த விதி. நீங்கள் கரும்பலகைக்குத் திரும்பி எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று எண்ணுவதற்கு வந்தது அல்ல. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, அதில் தலையிட நியாயமான நோக்கம் வேண்டும், தலையீடு அந்த நோக்கத்தின் அளவை மீறக் கூடாது என்றும் சொன்னார்கள். பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், நகல் யாருக்குப் போகிறது? இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேளுங்கள்.

ஆசிரியைகள் ஓய்வறையில், நாங்கள் உடை மாற்றும் மூலையைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. ஓடவில்லை என்கிறார்கள்.
*உடற்கல்வி ஆசிரியை*

ஓடுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். இன்றே எழுத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நகலைப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் பள்ளியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கும் கொடுங்கள். உடை மாற்றுவதைப் பதிவு செய்திருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

கணக்கு வகுப்பில் ஒரு மாணவனின் நோட்டைத் தரையில் வீசினேன். மறுநாள் தாளாளர் தன் அறையில் அந்த 40 விநாடியை மட்டும் போட்டுக் காட்டி, "நடந்ததற்கு வருந்துகிறேன், இனி நடக்காது" என்று எழுதி வாங்கிக்கொண்டார். இப்போது அந்தக் கடிதத்தை வைத்தே வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். எனக்கு நியாயம் கிடைக்குமா?
*கணித ஆசிரியர், தனியார் மேல்நிலைப் பள்ளி*

மாதம் இரண்டு பேராவது இதே கடிதத்தை எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு திரை, அதில் பதினாறு கட்டங்கள். மேசைமேல் முன்கூட்டியே எடுத்துவைத்த ஒரு வெள்ளைத்தாள், மூடி கழற்றிய பேனா. நேரம் மாலை நாலரை. வெளியே பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. உட்காரச் சொல்வதுகூட இல்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலையில் எதை நீட்டினாலும் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். அதற்காகத்தான் அந்த நேரத்தில் கூப்பிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் ஆசிரியைக்காக விசாரணையில் ஆஜரானேன். நிர்வாகம் காட்டிய துண்டில் அவர் ஒரு பையனின் கையைப் பிடித்து இழுக்கிறார். முழுப் பாடவேளையையும் போட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். துண்டு தொடங்குவதற்குச் சுமார் பத்து விநாடிக்கு முன்னால், அந்தப் பையன் காம்பஸ் முனையைப் பக்கத்துப் பையனின் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஆசிரியை இழுத்தது அந்தக் கையைத்தான். அறையில் இருந்த யாரும் அதன்பிறகு பேசவில்லை.

எனவே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அன்றைக்கே எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். கட்டாயப்படுத்தினால் அதே தாளில் "முழுப் பதிவையும் பார்த்தபின் ஏழு நாளில் பதில் தருகிறேன்" என்று எழுதி, தேதியோடு நேரத்தையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். எந்த ஆவணத்தை வைத்து ஓர் ஊழியரைத் தண்டிக்கிறார்களோ அதன் நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1986இலேயே ஓர் அரசு ஊழியர் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. மெமரி கார்டில் இருப்பதும் ஆவணம்தான் என்று 2019இல் ஒரு குற்ற வழக்கில் சொன்னது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு, பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டைச் சொல்லும் 17(ஆ) குறிப்பாணை வந்தாலும் முதல் வேலை இதுதான்: பதிவு முழுவதையும் கேளுங்கள், அப்புறம் விளக்கம் எழுதுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டை வீசியது தவறு. அதை மறைக்க வேண்டாம். குழந்தையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. கேமரா அந்தப் பிள்ளைக்கும் சாட்சி. ஆனால் தவறுக்கும் வேலைநீக்கத்துக்கும் நடுவே ஒரு விசாரணை இருக்க வேண்டும். கடிதம் எந்தச் சூழலில், எத்தனை நிமிடத்தில் வாங்கப்பட்டது என்பதை இன்றே எழுதிப் பதிவுத் தபாலில் தாளாளருக்கு அனுப்புங்கள். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. முழுப் பதிவையும் அழிக்காமல் வைக்கக் கோருங்கள். ராஜினாமா கடிதம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு என்னிடம் வந்தால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

தலைமை ஆசிரியர் என்னை இழிவாகப் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தேன். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருக்கிறது, ஆனால் முன்பகுதியை வெட்டிவிட்டேன். செல்லுமா?
*இடைநிலை ஆசிரியர்*

செய்யக் கூடாத மூன்றையும் செய்திருக்கிறீர்கள். போனைக் கொடுத்தீர்கள், வெட்டினீர்கள், அனுப்பியதை மட்டும் மிச்சம் வைத்தீர்கள். இதே எச்சரிக்கையை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

ரகசியமாக எடுத்தது என்பதால் மட்டும் ஒரு பதிவு தள்ளுபடியாகாது. 1972 முதல் நீதிமன்றங்களின் நிலை இதுதான். 2025 ஜூலையில் கணவன் மனைவி வழக்கொன்றிலும் உச்ச நீதிமன்றம் அத்தகைய பதிவை ஏற்றது. பதிவில் யார் கைவைத்தார்கள் என்ற சந்தேகம்தான் அதைக் கெடுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, நகலைத் தாக்கல் செய்தால் இரண்டு பகுதிகள் கொண்ட சான்று வேண்டும். ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் அதன் ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். துறை விசாரணையில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் வெட்டிய பதிவை அங்கேயும் நம்பமாட்டார்கள்.

அன்று அருகில் யார் இருந்தார்கள், என்ன சொல்லால் திட்டினார் என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். இப்போது உங்கள் பலம் அதுதான்.

ஆசிரியர் அறையில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அறிய, பதிவை ஓடவிட்டு போனை அலமாரியில் வைத்துவிட்டு வரலாமா?

கூடாது. நீங்கள் இல்லாத பேச்சு உங்களுடையது அல்ல.

மாணவன் பின்பெஞ்சிலிருந்து என்னை வீடியோ எடுத்தான். போனைப் பிடுங்கி நானே அழித்துவிட்டேன். இப்போது போன் உடைந்துவிட்டது என்று பெற்றோர் என்மேல் புகார் தருகிறார்கள்.
*தமிழாசிரியை*

அழித்தது உங்களுக்கான சாட்சியத்தை. போனை அணைத்து, உறையிலிட்டு, தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்து, பெற்றோர் முன்னிலையில்தான் திறந்திருக்க வேண்டும். நடந்ததைத் தலைமை ஆசிரியருக்கு உடனே எழுத்தில் கொடுங்கள். காவல் நிலையம்வரை இழுக்காதீர்கள், அவன் பிள்ளை.

என் வகுப்புக் குழந்தைகள் பாடுவதை ரீல்ஸ் ஆகப் போடுகிறேன். நல்ல வரவேற்பு. எந்தப் பெற்றோரும் மறுப்புச் சொல்லவில்லை. தொடரலாமா?

மறுப்புச் சொல்லாதது சம்மதம் ஆகாது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரை குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அந்தப் பிரிவுகள் 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்காமல் இப்போதே நீக்குங்கள்.

அரசுப் பள்ளி. 12 நாளுக்கு முன் நடந்த தகராறில் என்மேல் பழி. கேமராப் பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?
*தற்காலிக ஆசிரியை*

கேட்கலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பல பள்ளிகளில் பதிவுப் பெட்டி 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதிக்கொள்ளும். முதலில் "இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று கடிதம் கொடுக்க வேண்டும்; மனு அதற்குப் பிறகு. அவசரம் என்பதால் இதை உங்களுக்கு போனிலேயே சொன்னேன். மறுநாளே கடிதம் தபால் பதிவேட்டில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள்.