மூங்கில் சுவர்ப் பள்ளிகள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி பற்றிய கட்டுரையில், போர்ட்டா கேபின் எனப்படும் மூங்கில் விடுதிப் பள்ளிகளைக் குறைசொல்லியிருந்தீர்கள். மாவோயிஸ்டுகள் பள்ளிகளைத் தகர்த்தார்கள். அரசு சோறும் படுக்கையும் தந்து படிக்கவைக்கிறது. பழியை இரு தரப்புக்கும் பங்கிடுவது நியாயமா?

கு., ஈரோடு

அன்புள்ள கு.,

பள்ளிகளைத் தகர்த்தவர்கள் மாவோயிஸ்டுகள்தான். படைகள் அங்கே தங்குகின்றன என்று அவர்கள் சொன்ன காரணம் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது என்றாலும் முழுப் பொய்யல்ல. பள்ளிகளிலிருந்து படைகளை வெளியேற்றும்படி 2011இல் உச்ச நீதிமன்றமே சத்தீஸ்கர் அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. கான்கிரீட் கூரைமேல் மணல்மூட்டை அடுக்கலாம் என்பதால், உறுதியாகக் கட்டிய பள்ளிக்கே ஆபத்து அதிகம். போர்ட்டா கேபின்களை மூங்கிலால் கட்டியதும் இதனால்தான். முகாமாக உதவாத கட்டடத்தை யாரும் தகர்க்கமாட்டார்கள். (அதே மூங்கில் எளிதில் தீப்பற்றும். 2024 மார்ச்சில் பிஜாப்பூர் மாவட்டத்தில் இப்படியொரு பெண்கள் விடுதி எரிந்து, நான்கு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது.)

2005இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவுடன் இயங்கிய சல்வா ஜுடும் என்ற ஆயுத இயக்கம் தொடங்கி, ஊர் ஊராக மக்கள் முகாம்களுக்கும் ஆந்திரக் காடுகளுக்கும் சிதறிய பிறகு, பிள்ளைகளை எப்படியாவது படிக்கவைக்க முனைந்த அதிகாரிகளை நான் குறைசொல்லவில்லை. என் வருத்தம், ஊரில் இருந்த பள்ளி சாலையோரத்துக்குப் போய்விட்டதும், அதன் பின்னாலேயே ஆறு வயதுப் பிள்ளையும் வீட்டை விட்டுப் போக நேர்ந்ததும்தான். நான் பார்த்த ஒரு விடுதியில் கட்டில்களுக்கு அடியில் தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு சிறுமி தன் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்துவைத்திருந்த காய்ந்த இலுப்பைப் பூவைக் காட்டி, அங்குள்ள பழங்குடியினரின் கோண்டி மொழியில் ஏதோ சொன்னாள். இந்தி மட்டுமே தெரிந்த ஆசிரியருக்கு அது புரியவில்லை. தின்பதற்கல்ல, முகர்ந்து பார்ப்பதற்காம் என்று சமையற்கார அம்மாள்தான் விளக்கினார்.

பழியைப் பற்றிக் கேட்டீர்கள். மூடிய பள்ளிகள் பல அண்மை ஆண்டுகளில் ஊருக்குள்ளேயே கொட்டகைகளில் மீண்டும் திறந்திருக்கின்றன. கற்பிப்பவர்கள் சிக்ஷாதூத் எனப்படும் உள்ளூர் இளைஞர்கள். சொற்ப ஊதியம், ஆனால் கோண்டி பேசுவார்கள். அவர்களில் சிலரைப் போலீசுக்குத் துப்புக் கொடுத்தார்கள் என்று சொல்லி மாவோயிஸ்டுகள் கொன்றார்கள். அந்தக் கொட்டகைகளில் எந்தப் படையும் தங்கியிருக்கவில்லை.