ஜப்பானின் சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் யுகிகோ உவேனோ 2 நாளில் 413 பந்து வீசியது எப்படி? பேஸ்பாலில் 100 பந்தைத் தாண்டினாலே ஆளை மாற்றிவிடுகிறார்களே?

எண்ணிக்கை சரிதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், ஆகஸ்ட் 20. முதலில் அமெரிக்காவிடம் 9 இன்னிங்ஸ் (இரு அணியும் ஒருமுறை அடித்து முடிக்கும் சுற்று) ஆடி 4-1 தோல்வி. அன்றே ஆஸ்திரேலியாவுடன் 12 இன்னிங்ஸ், 4-3 வெற்றி. அந்த ஒரு நாளில் 318 பந்து. மறுநாள் இறுதி ஆட்டத்தில் 95. அதில் 3-1 என்று தோற்றது, 1996 முதல் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அமெரிக்கா.

தோற்ற அணி அன்றே ஏன் மறுபடி ஆடியது என்றால், அப்போதிருந்தது பேஜ் முறை. முதல் இரண்டு இடத்து அணிகள் மோதும். தோற்றவர் வெளியேறுவதில்லை, 3-4 இட மோதலில் வென்றவரோடு ஆடி ஜெயித்தால் இறுதிக்குப் போகலாம். அதாவது 413-இல் பாதிக் காரணம் அட்டவணைதான்.

மீதிப் பாதி கை. "கீழிருந்து வீசினால் தோளுக்கு வலிக்காது" என்பது அரைகுறை உண்மை. பேஸ்பாலில் முழங்கையின் உட்புறத் தசைநார் கடுமையாக முறுக்கப்படும். வீசிய கையைத் தோளின் பின்தசைகளே பிடித்து நிறுத்த வேண்டும். சாஃப்ட்பாலில் கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து எறியும் காற்றாலை வீச்சில் முன்கை இடுப்போரம் உரசி வேகத்தில் கொஞ்சத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஆனால் கை மேலிருந்து கீழே சுழன்று வரும்போது, தோள்மூட்டை வெளியே இழுக்கும் விசை உடல் எடையை நெருங்கும். அதைத் தாங்குவது பெரும்பாலும் புஜத்தின் முன்தசை. அதனால்தான் இவர்களுக்குத் தோளின் முன்பக்கம் வலிக்கும்.

களைத்தால் முதலில் கெடுவது ரைஸ் பால், அதாவது மேலெழுவதுபோல் தோன்றும் பந்து. அது நிஜமாக மேலே ஏறுவதில்லை. பின்சுழற்சியால் குறைவாக இறங்குகிறது, அவ்வளவுதான். விரல் சோர்ந்து சுழற்சி குறைந்தால் இடுப்பு உயரத்தில் தட்டையாக வரும், மட்டையாளருக்கு விருந்து.

உவேனோவின் பந்து மணிக்கு 119 கி.மீ. வேகத்தைத் தொட்டது. வீசும் தூரம் 13.11 மீட்டர்தான். பேஸ்பாலின் 18.44 மீட்டருக்கு அதே நேரக் கணக்கைப் போட்டால் 167 கி.மீ. வருகிறது. இந்தக் குறுகிய தூரம் வீசுபவருக்கும் ஆபத்து: 2019-இல் அடித்த பந்து பட்டு அவர் தாடை எலும்பே முறிந்தது.

2008-க்குப் பின் சாஃப்ட்பாலை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 13 வருடம் அவரைக் காப்பாற்றியது ஜப்பானின் நிறுவன அணி முறை. தகாசாகி நகர அணியில், முதலில் ரெனெசாஸ், பிறகு பிக் கேமரா பெயரில் தொடர்ந்து ஆடினார்.

சாஃப்ட்பால் திரும்பி வந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதி நாள் ஆட்டம், 2021 ஜூலை 27, வயது 39. இம்முறை அவரை அப்படிப் பிழியவில்லை. 6 அணிகள், முதல் இரண்டும் நேரே இறுதிக்கு. பேஜ் முறை கிடையாது. இறுதி ஆட்டத்தில் இடையே 20 வயது மியு கோட்டோ வந்து வீசினார். தொடக்க வீராங்கனை ஒருமுறை திரும்ப வரலாம் என்ற சாஃப்ட்பால் விதிப்படி 7-ஆவது இன்னிங்ஸில் உவேனோ மறுபடி இறங்கி 2-0 என்று முடித்தார்.