சட்டமன்ற நிகழ்ச்சி நிரலைச் சாதாரண மக்கள் பார்த்து என்ன பயன்?

கேள்வி: மலேசியாவில், எங்கள் பினாங்கு மாநிலச் சட்டமன்றம் கூடும் ஒவ்வொரு நாளும் அன்றைய நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று வெளியிடுகிறார்களே, அதை நம்மைப் போன்றவர்கள் பார்த்து என்ன ஆகப்போகிறது? உள்ளே ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துவதைத் தவிர என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பினாங்குக்காரர், வயது இருபதுக்குச் சற்று மேலே என்று நினைக்கிறேன். 18 வயதில் வாக்குரிமை கிடைத்து, 2023 ஆகஸ்டில் முதல்முறையாக மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் வந்த கூச்சல் காட்சிகளைத் தவிர சட்டமன்றத்தைப் பற்றி வேறு எதுவும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலப் பகுதியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள். யாரிடம், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதை வைத்தே நான் எழுதுவதை எடைபோடுவார்கள். இப்போது ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், யாருக்கும் வக்காலத்து வாங்கி எனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை.

முதலில் அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பினாங்குச் சட்டமன்றத்தில் 40 தொகுதிகள். கூடும் இடம் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் இருக்கும் அந்தப் பழைய வெள்ளைக் கட்டடம். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது சட்டம். அதனால் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. நடுவில் ஒருமுறை, ஆண்டு இறுதியில் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒருமுறை என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். கூடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரல் உண்டு. பிரார்த்தனை, சபாநாயகரின் அறிவிப்பு, வாய்மொழிக் கேள்விகள், பிறகு மசோதாக்கள், தீர்மானங்கள், விவாதம், கடைசியில் கூட்டத்தை ஒத்திவைக்கும்போது சிலர் தம் தொகுதிப் பிரச்சினையைப் பேசும் உரை. தொடக்க நாளில் ஆளுநர் உரை இருந்தால் அதன்மேல் விவாதம் சில நாள் ஓடும். முடிவில் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் (மாநில அமைச்சர்கள் போன்றவர்கள்) ஒவ்வொருவராக எழுந்து தங்கள் துறை பற்றிச் சொல்லப்பட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள்.

இதில் மசோதாவையும் தீர்மானத்தையும் பற்றிப் பத்திரிகையில் வந்துவிடும். நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியது கேள்விப் பட்டியலை.

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் இருக்கும். கேள்வி நேரம் முடிவதற்குள் எந்த எண் வரை போக முடியுமோ அதுவரைதான் சபையில் வாயால் பதில். முன்னால் இருப்பவர்களின் கேள்விக்குத் துணைக் கேள்வி, அதற்கும் ஒரு துணைக் கேள்வி என்று இழுத்தால், பின்னால் இருக்கும் கேள்விகள் அப்படியே நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் கூச்சல் காட்சிகளில் பாதி இந்த நேரத்தில் எடுத்தவைதான். ஆனால் நின்றுபோன கேள்வி செத்துப்போவதில்லை. அதற்கு எழுத்து மூலம் பதில் வந்தாக வேண்டும். எனக்குக் கண் திறந்தது அங்கேதான்.

எங்கள் தொகுதியில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி இருந்தது. மின்தூக்கி பழுதாகி மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. பதினோராவது மாடியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓர் அம்மா. வாரத்துக்கு மூன்று முறை அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் படியில் இறக்குவார்கள். ஒவ்வொரு வளைவிலும் நாற்காலியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொள்வார்கள். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாய்யா, அவசரம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருமுறை நான் நேரில் பார்த்தேன். அவர் அவசரம் இல்லை என்று சொன்னது மகன் கலங்கக்கூடாது என்பதற்காக. சிகிச்சை மையத்தில் அவருக்குக் கொடுத்த நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

பினாங்கில் இதற்கென்றே ஒரு மாநில நிதித் திட்டம் உண்டு. மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பெரிய பழுதுகளுக்குச் செலவில் 80 விழுக்காடு வரை மாநில அரசு ஏற்றுக்கொள்ளும். மீதி குடியிருப்பு நிர்வாகம் போட வேண்டும். ஆனால் அந்தக் குடியிருப்பில் எல்லாரும் நம்பியது, "விண்ணப்பம் போட்டாயிற்று, கவர்மெண்டுதான் காசு தரவில்லை" என்பதை. நிர்வாகக் குழு அப்படித்தான் சொல்லியிருந்தது. குடியிருப்பாளர்கள் எங்களிடம் ஒரு மனு கொண்டுவந்தார்கள். "ஏழை இந்தியர்களை மாநில அரசு ஏன் புறக்கணிக்கிறது?" என்று சட்டமன்றத்தில் கேட்கச் சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மையத்தில் மூத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணன். மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, "இப்படிக் கேட்டால் உள்ளேயே போகாது தங்கச்சி" என்றார். கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது, குற்றச்சாட்டு இருக்கக்கூடாது, கேட்பது தகவலாக இருக்க வேண்டும் என்பது சபை விதி. அவரே ஒரு காகிதத்தை எடுத்து மலாயில் எழுதினார். (அ) மாவட்டத்தில் மின்தூக்கிப் பழுதுக்காக இந்த நிதிக்கு விண்ணப்பித்த மலிவு விலை குடியிருப்புகளின் எண்ணிக்கை, (ஆ) ஒவ்வொன்றின் பெயரும் தற்போதைய நிலையும், (இ) இன்னும் அங்கீகரிக்கப்படாதவை எந்தக் காரணத்தால் நிற்கின்றன. மூன்றே வரி. அதில் இந்தியர் என்ற சொல் இல்லை, ஏழை என்ற சொல் இல்லை, கோபமும் இல்லை. மனு கொண்டுவந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "ஒய்.பி. பயந்துவிட்டார்" என்று சட்டமன்ற உறுப்பினரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நிரல் வெளியானபோது எங்கள் கேள்வி முப்பதாவது எண்ணுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. அன்று காலை நான் நேரலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடலைத் தூர்த்து நிலமாக்கும் ஒரு பெரிய திட்டம் பற்றி ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மாறி மாறி எழுந்தார்கள். பத்துக் கேள்விகூடத் தாண்டவில்லை, நேரம் முடிந்தது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உடனே வந்துவிட்டது: "நம் பிரச்சினையைப் பேசவே இல்லை, எல்லாம் நாடகம்."

எழுத்துப் பதில் பிறகு வந்தது. பின்னிணைப்பில் குடியிருப்புகளின் பட்டியல் இருந்தது. எங்கள் குடியிருப்பின் பெயருக்கு நேராக, விண்ணப்பம் முழுமையாக இல்லை, நிர்வாகக் கூட்ட அறிக்கை இணைக்கப்படவில்லை, நிர்வாகத்தின் பங்குத் தொகைக்கான உறுதி இல்லை, திருத்தி அனுப்பும்படி கேட்டும் பதில் இல்லை என்று எழுதியிருந்தது. அதாவது காசு மாநிலத்தில் நிற்கவில்லை. கோப்பு அதே குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த நிர்வாக அறையில் நின்றது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மின்தூக்கிக் கதவிலேயே ஒட்டினோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழு மாறியது. மின்தூக்கி ஓடத் தொடங்க இன்னும் பல மாதம் ஆயிற்று என்பது உண்மை. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு பக்கம் இல்லாமல் அது ஓடியிருக்காது. சபையில் கொடுத்த பதில் என்பதால் யாரும் அதை "யாரோ சொன்னது" என்று தள்ளிவிட முடியவில்லை.

ஒரு குடியிருப்பில் நடந்ததை வைத்துப் பெரிதாகப் பேசுகிறாள் என்று சிலர் சொல்லலாம். எல்லாக் கேள்விக்கும் இப்படித் தெளிவான பதில் வருவதில்லை என்று எனக்கும் தெரியும். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரியில் முடித்த பதில்களும் நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப் பதில் வந்தால் அதையும் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கலாம். தேதி போட்ட பதில் கையில் இருக்கிறது அல்லவா?

இன்னொரு விஷயம், நம் ஆட்கள் அதிகம் குழம்புவது இதில்தான். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்று சட்டமன்றத்தில் கேட்கச் சொல்வார்கள். கல்வி கூட்டரசு அரசாங்கத்தின், அதாவது மத்திய அரசின், கீழ் வருவது. அந்தக் கேள்வி கோலாலம்பூரில் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். ஆனால் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தின் கையில். தண்ணீர் விநியோகத்தில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே அதே பள்ளிக்கு நிலப் பட்டா என்ன ஆயிற்று, பள்ளி முன்னால் சாக்கடை எப்போது சரியாகும், மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்குத் தரும் மானியத்தில் இந்தப் பள்ளிக்கு எவ்வளவு போயிற்று என்றெல்லாம் இங்கே கேட்கலாம். மாநிலம் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், "நம் பிரதிநிதி வாயே திறப்பதில்லை" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வாய் திறந்தாரா இல்லையா என்பது பட்டியலில் பெயரோடு இருக்கிறது. திறக்கவில்லை என்றால் அதையும் அங்கேயே பார்த்துவிட்டு, நேராகப் போய்க் கேளுங்கள். நானும் கூட வருகிறேன்.

தீர்மானங்களையும் லேசாக நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 6ஆம் தேதி நான்கு தொகுதிகள் காலியாகிவிட்டதாக அறிவித்த தீர்மானம் அந்த சபையில்தான் நிறைவேறியது. அதற்கு அடிப்படை, 2012இல் மாநில அரசியலமைப்பில் சேர்த்த கட்சித் தாவல் தடைப் பிரிவு. அந்தப் பிரிவு செல்லுமா செல்லாதா என்று வழக்கு நடந்து, 2022இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லும் என்றது. நிரலில் பார்த்தால் அதுவும் மற்றவற்றைப் போல ஒரு தீர்மானம்தான். அது நிறைவேறியதும் நான்கு பேர் உறுப்பினர் பதவியை இழந்தார்கள்.

நிகழ்ச்சி நிரல் என்று எழுதும்போது இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் சங்கங்களும் கோயில்களும் நடத்தும் விழாக்களின் நிரலை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, திறப்புரை, மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பிள்ளைகளின் நடனம் கடைசியில். பிரமுகர் வர இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் அதுவரை எதுவும் தொடங்காது. சலங்கை கட்டிய சின்னப் பெண்கள் மேடைக்குப் பின்னால் மைலோ பாக்கெட்டோடு தரையில் தூங்கிப்போவதைச் சேவை மையத்தில் இருந்த காலம் முழுவதும் பார்த்தேன். பிரமுகரின் வண்டியில் வந்து இறங்குகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் பிள்ளைகளின் அம்மாக்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். சட்டமன்றத்தில் யார் தாமதமாக வந்தாலும் கேள்வி எண் நகர்ந்துகொண்டே போகும். ஆள் இல்லையென்றால் அடுத்த கேள்விதான். நம் விழாக்களில் அந்த ஒரு வழக்கத்தையாவது கொண்டுவந்தால் என்ன? ஏற்பாட்டாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளட்டும். பத்து மணிக்குத் தூங்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிரலும் கேள்விகளும் பதில்களும் பினாங்குச் சட்டமன்றத்தின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். எல்லாம் மலாயில்தான் இருக்கும், ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதிய யாருக்கும் அது கடினம் இல்லை. முழுவதும் படிக்க வேண்டாம். முதலில் உங்கள் தொகுதியின் பெயரைத் தேடுங்கள், அப்புறம் உங்கள் குடியிருப்பு, சாலை, பள்ளி, கோயில் நிலம், எது உங்களுக்குத் தலைவலியோ அதன் பெயரைத் தேடுங்கள். ஏற்கெனவே யாராவது கேட்டு, பதிலும் வந்து, யாரும் படிக்காமல் கிடக்கக்கூடும். அப்படிக் கிடந்த பதில்களை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இல்லையென்றால் சேவை மையத்துக்குப் போங்கள். சபை கூடுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே கேள்விகளைக் கொடுத்துவிட வேண்டும். கூட்டம் தொடங்கியபின் ஓடிவந்தால் அடுத்த முறைதான். தேதியை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கடிதங்களின் நகல், கோப்பு எண், படங்கள், எந்த அலுவலகத்தில் என்றைக்கு யாரைப் பார்த்தீர்கள் என்ற குறிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம், "இதை வாய்மொழிக் கேள்வியாகப் போடுங்கள், எண் பின்னால் போனாலும் பரவாயில்லை, எழுத்துப் பதிலின் நகல் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டு, உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.