சென்னை ரயில் மியூசியத்துக்குக் குழந்தைகளோடு போகலாமா? அரை நாள் போதுமா?

கேள்விக்குக் கீழே "வட சென்னைப் பக்கம் என்பதால் யோசிக்கிறோம்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம், அரை நாள் போதும்.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில் இன்ஜின் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, இன்ஜினுக்குக் கரி போடும் பயர்மேன் ஆனவர். போன வருடம் அவரையும் என் பையனையும் கூட்டிக்கொண்டு, ஆபீசுக்கு லீவு போட்டு, நியூ ஆவடி ரோட்டில் இருக்கும் அந்த மியூசியத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறையாம். "ரயில்வேல இருந்தவன் வீட்லயே இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று ஆட்டோவில் வழி நெடுக அப்பா பேச்சு. அவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கரி இன்ஜின் பக்கத்தில் போய் நின்றதும் முட்டி வலி எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. கரியை ஒரே இடத்தில் கொட்டக் கூடாது, மெல்லிசாகப் பரவும்படி வீச வேண்டும், குவிந்துவிட்டால் காற்று ஏறாமல் கரும்புகை கக்கும், ஸ்டீம் இறங்கிவிடும் என்று பேரனுக்கு வெறுங்கையால் வீசிக் காட்டினார். பாய்லரில் தண்ணீர் குறைந்தால், நெருப்புக்கு நேர் மேலே தகட்டில் இருக்கும் ஈயத் தக்கை உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பாயுமாம். பயர்மேனுக்கு அதைவிட அவமானம் கிடையாதாம். "உனக்கு உருகிச்சா தாத்தா?" என்றான் பையன். தாத்தா பொம்மை ரயில் எப்போது கிளம்பும் என்று விசாரிக்கப் போய்விட்டார்.

வில்லிவாக்கம் பக்கமெல்லாம் வட சென்னையா என்று சிலர் கிளம்புவீர்கள். இருக்கட்டும், எல்லைக்கோடு நான் போடவில்லை. பைக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, சம்பளச் சீட்டைப் பார்த்துச் சிரித்தவர் பின்கோடைப் பார்த்ததும் "மேல கேட்டுச் சொல்றோம் சார்" என்றார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் போல. எங்கள் பக்கம் அடிதடியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1955லிருந்து ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எப். இங்கேதான். இன்றைய வந்தே பாரத் வரை அங்கிருந்துதான் போகிறது. 1855ல் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜினை மறுபடி ஓட வைத்ததும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஆட்கள்தான். இங்கே செய்த ரயிலில் ஏறும்போது யாரும் யோசிப்பதில்லை.

சரி, உங்கள் விஷயம். காலையிலேயே போய்விடுங்கள். இன்ஜின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன, ஏப்ரல் மே வெயிலில் இரும்பைத் தொட முடியாது. தொப்பி, தண்ணீர் கட்டாயம். அப்பாவோ மாமனாரோ ரயில்வே ஆள் என்றால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பலகையில் எழுதியிருப்பதைவிட அவர் பேச்சு உபயோகம்.

மிச்ச அரை நாளில் ராயபுரம் ஸ்டேஷன் கட்டிடத்தையும் பார்த்துவிடுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. நாங்கள் அங்கேயும் போனோம். தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, யாரும் கேட்காமலேயே, "ஒரே ஒரு தடவை. அரக்கோணம் தாண்டி" என்றார்.