வான்கோழி யாரைப் பார்த்து ஆடியது?

கேள்வி: என் தம்பி தன் மேனேஜரைப் போலவே முடி வெட்டிக்கொள்கிறான், அவரைப் போலவே "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்துப் பேசுகிறான். இப்படிப்பட்டவர்களைப் 'போலி' என்பதா, 'வான்கோழி' என்பதா?

பதில்: முதலில் வான்கோழியை விட்டுவிடுங்கள். 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்று மூதுரை சொன்னாலும் சொன்னது, அந்தப் பறவைக்கு விடிவே இல்லை. இன்று நாம் வான்கோழி என்கிற பறவை அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. கடல் தாண்டியதே 16-ஆம் நூற்றாண்டில்தான். அது வாழ்ந்த காட்டில் மயிலே கிடையாது! பெட்டையைக் கண்டதும் சேவல் வாலை விசிறியாக விரிக்கும், இறக்கை நுனியைத் தரையில் உரசிக்கொண்டே சுற்றிவரும், தலையும் கழுத்தும் சிவப்பும் நீலமுமாக நிறம் மாறும். அத்தனையும் அதன் சொந்தச் சரக்கு. இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். மேடையில் பேசுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

'போலி' இலக்கணத்தில் கௌரவமான சொல். பந்தல் 'பந்தர்' ஆகும், அறம் 'அறன்' ஆகும். பொருள் துளியும் மாறாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறது. இதில் மோசடி எங்கே? மோசடியைக் காட்ட வள்ளுவர் வேறு படம் வரைகிறார்: புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேயும் பசு. காவலர் விரட்டாமல் இருக்கத்தான் அந்தத் தோல் என்கிறது பரிமேலழகர் உரை. புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனையிடம் அந்தக் கணக்கு கிடையாது. வெந்தது அதன் தோல், ஊரார் பயிர் இல்லை. பசுவை வேடதாரி என்று திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பூனையைத் திட்ட எனக்கு மனசு வராது.

மூன்று வயதுக் குழந்தை தாத்தாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து, அவரைப் போலவே தொண்டையைச் செருமுகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நமக்குப் பேச்சு வந்ததே அந்த வழியில்தான். நாடகம் பற்றி எழுதுகிறவர்கள் இதற்குப் 'போலச் செய்தல்' என்கிறார்கள். வசவு ஒட்டாத, சுத்தமான சொல்.

உங்கள் தம்பி மேனேஜர் பெயரில் எங்காவது கையெழுத்துப் போட்டால் எனக்கு எழுதுங்கள், 'போலி' என்ற சொல்லைத் தாராளமாகத் தருகிறேன். முடி வெட்டிக்கொண்டதற்கெல்லாம் தர மாட்டேன்.