கயிறு அறுவதில்லை, கட்டிய இடம்தான் பெயர்கிறது

கேள்வி: 98 மி.மீ. கண்ணாடியிழைக் குழாயில் 3 கிலோ ராக்கெட் செய்கிறோம். உள்ளே 54 மி.மீ. மோட்டார் குழாய் (ராக்கெட்டைத் தள்ளும் எரிபொருள் மோட்டார் இருக்கும் குழாய்). பாராசூட் கயிற்றைப் பிடிக்க ஐபோல்ட் (தலையில் வளையம் போன்ற கண் உள்ள போல்ட்) போதுமா, யூ-போல்ட் (U வடிவில் வளைந்து இரண்டு கால் உள்ளது) வேண்டுமா?
- பொறியியல் மாணவர்கள், ஓசூர்

பதில்: பாராசூட் விரியும் கணத்தில் ராக்கெட்டின் எடையைப் போல 50 மடங்கு இழுவை வரும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். உங்களுக்கு அது 150 கிலோ. கம்பியை வளைத்து மட்டும் செய்த ஐபோல்ட்டின் கண் இந்த இழுப்பில் பிரிந்து விடும். கண் வெல்டிங் செய்து மூடியதாகவோ, சூடாக்கி அடித்து உருவாக்கியதாகவோ இருக்க வேண்டும். எங்கள் தேர்வு 6 மி.மீ. யூ-போல்ட்தான். இரண்டு கால்களும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கயிறு முறுக்கினாலும் கழன்று வராது. ஒற்றைக் கால் ஐபோல்ட்டுக்கு அந்த ஆபத்து உண்டு.

அதை மோட்டார் குழாயின் மேல் சென்டரிங் ரிங்கில் (மோட்டார் குழாயை உடற்குழாயின் நடுவே பிடித்து நிறுத்தும் வளையத் தட்டு) பொருத்துங்கள். இரு குழாய்களுக்கும் நடுவே சுமார் 20 மி.மீ. இடம்தான் இருக்கும். அகல வாஷர் வாங்கினால் மோட்டார் குழாயில் இடிக்கும். அளந்துவிட்டு ஓசூர் போல்ட்-நட் கடைக்குப் போங்கள். நைலான் லாக் நட் போட்டு முறுக்கி, நட்டின் மேல் எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து ஒட்டும் பசை) தடவுங்கள். இதெல்லாம் ரிங்கை ஒட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். பிறகு அங்கே எந்த ஸ்பானரும் போகாது.

பெரும்பாலும் போல்ட் உடைவதில்லை, ரிங்கோடு சேர்ந்து பெயர்ந்து வரும். கண்ணாடியிழையின் வழவழப்புதான் காரணம். ஒட்டும் இடத்தை 80 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், ரிங்கின் இரு பக்கமும் மூலையில் பசையை வளைவாக நிரப்புங்கள். ஐந்து நிமிட எபாக்சி இங்கே வேண்டாம். சூட்டில் சீக்கிரம் இளகும். மெதுவாக இறுகும் வகையே நல்லது. தருமபுரியின் சித்திரை வெயிலில் அதுவும் கலக்கிய கிண்ணத்திலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஓசூரின் மார்கழிக் குளிரிலோ ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

கேள்வி: போல்ட் போடாமலே ரிங்கை ஒட்டிவிட்டோம். குழாயை அறுக்காமல் வழி உண்டா?
- பாலக்கோடு வாசகர்

பதில்: உண்டு. யூ-போல்ட் பூட்டிய புது ரிங் ஒன்றை முன்பக்கமாக இறக்கி, பழைய ரிங்குக்கு மேலே நட்டுகள் உட்கார 15 மி.மீ. இடைவெளி விட்டு, உடற்குழாயின் சுவரில் ஒட்டுங்கள். நடுத்துளை மோட்டார் குழாயின் அளவுக்குக் குறையக் கூடாது. பாராசூட்டைத் தள்ளும் வாயு அந்த வழியாகத்தான் வரும்.

கேள்வி: கெவ்லாரா, நைலானா? எவ்வளவு நீளம்?
- கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: இரண்டும். போல்ட்டை ஒட்டிய பகுதியில் பாராசூட்டைத் தள்ளும் கருமருந்தின் நெருப்புப் படும், அங்கே சூடு தாங்கும் இழையான கெவ்லார். ஆனால் கெவ்லார் நீளாது. முழுக்க அதையே போட்டால், வேகமாகப் போகும்போது பாராசூட் விரிந்தால் குழாயின் விளிம்பைக் கத்திபோலக் கிழித்துவிடும். மேற்பகுதிக்கு நைலான் பட்டை. நீளம் குறைந்தது ராக்கெட்டைப் போல மூன்று மடங்கு. 2 மீட்டர் ராக்கெட்டுக்கு 6 மீட்டர். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரை போய்விடலாம், தைத்த வளையமே மேல். கயிற்றைப் போல்ட்டோடு இணைக்கும் குயிக் லிங்க் என்ற வளையத்தின் மரையை ஸ்பானரால் இறுக்குங்கள், விரலால் இறுக்கியது அதிர்வில் திறக்கும்.

கருமருந்தும் மோட்டாரும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் உள்ளவர் பொறுப்பில் மட்டுமே அவற்றைக் கையாளுங்கள்.