ஆயாவை ஏன் தள்ளி உட்காரச் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு 26 வயது. சேலம் அம்மாப்பேட்டை. நான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், எடிட்டிங்கும் தெரியும். ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் உள்ளூர்ப் பட்டதாரிகள் மூன்று பேர் இளைஞர் மன்றம் ஒன்றை நடத்துகிறார்கள். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை படிப்பு, ஞாயிற்றுக்கிழமை கபடி, பத்தாவதில் தவறியவர்களை மறுபடி பரீட்சை எழுத வைப்பது, ஐடிஐ-யில் சேர்த்துவிடுவது என்று நல்ல காரியம் செய்கிறார்கள். நன்கொடை தருபவர்களிடம் காட்டுவதற்குப் பத்து நிமிட டாகுமெண்டரி ஒன்று எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லை. எத்தனை நாள் எடுக்க வேண்டும், ஸ்கிரிப்ட் முன்னாலேயே எழுத வேண்டுமா, ட்ரோன் ஷாட் அவசியமா, இதனால் எனக்கு அடுத்த வாய்ப்பு வருமா? சோதனையாக ஒரு நாள் போய் எடுத்துப் பார்த்தோம். 13 வயதில் பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்குப் போய், மன்றத்தால் திரும்பப் பள்ளிக்கு வந்த பையன் ஒருவன், இப்போது 16 வயது, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரமாதமாகப் பேசினான். அவனுடைய ஆயாதான் அடிக்கடி ஃபிரேமுக்குள் வந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு எடுத்து முடித்தோம். காசு வராத வேலைக்கு எதற்கு மலை ஏறுகிறாய் என்கிறார் என் அம்மா. அவருக்கு இதெல்லாம் புரியாது. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

- பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை

பதில்: தம்பி, எத்தனை நாள் என்பதையும் ட்ரோனையும் அப்புறம் பார்ப்போம். ஆயாவைத் தள்ளி உட்காரச் சொன்னதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேச வேண்டும்.

அந்தத் திண்ணை யாருடையது? அந்த வாசலைத் தினமும் கூட்டித் தெளிக்கிறவர் யார்? அவர் வீட்டு வாசலிலேயே அவரை நகரச் சொல்வதற்கு, காலையில் சேலத்தில் பஸ் ஏறிப் போன உங்களுக்கு என்ன உரிமை? கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். நான்கு வருடப் பழக்கம். மேடையை மறைக்கிறவர்களிடம் 'கொஞ்சம் நகருங்கம்மா' என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. மண்டபத்தில் அது சரி, உங்களை வரச் சொன்னதே கல்யாண வீட்டார்தான். மலையில் உங்களை அந்த ஆயா வரச் சொல்லவில்லை. வந்தவர்களை விரட்டாமல் திண்ணையில் இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அவர் ஏன் திரும்பத் திரும்ப வந்தார் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பேரன் இவ்வளவு நேரம் பேசுகிறானே என்று தண்ணீர் கொண்டு வந்திருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் வேலைக்குப் போன கதையைத் தோண்டிக் கேட்கிறார்களே, நாளைக்கு இதை வைத்து யாராவது விசாரிக்க வருவார்களோ என்று பயந்திருக்கலாம். பையன் சொல்கிற மாதிரி இல்லை, நடந்தது வேறு என்று சொல்ல வந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீங்கள் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய விஷயம் அது.

நன்கொடையாளர்களுக்குக் காட்டுகிற படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுக்கப் போகிறவர்களின் கடிதங்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கதை. பையன் வழி தவறினான், அமைப்பு வந்தது, பையன் தேறினான். அதில் வீடு என்று ஒன்று வந்தால் குடிக்கிற அப்பாவாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பின் ஆண்டு விழாவில் இப்படி ஒரு படம் போட்டார்கள். ஒரு பெண் தன் அப்பாவின் குடியைப் பற்றித் திரையில் அழுதுகொண்டே சொல்கிறாள். மகளுக்குப் பரிசு தருகிறார்கள் என்று அந்த அப்பாவையும் விழாவுக்கு வரவழைத்திருந்தார்கள். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடினார், வெகுநேரம் தேடினார். குடித்தது அவர் செய்த தப்புதான். அதைப் பெற்ற மகள் வாயாலேயே ஊர் முன்னால் சொல்ல வைத்தவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கிற கணக்கையே எடுத்துக்கொள்வோம். மன்றம் நடப்பது ஆறிலிருந்து எட்டு வரை. மிச்சம் 22 மணி நேரம் அந்தப் பையன் யார் கையில் இருக்கிறான்? காட்டெருமை நடமாடுகிற மலை அது. எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துக்கொண்டு அவன் வீடு வந்து சேரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார்? 'இருட்டில் போக வேண்டாம்டா' என்று அந்தக் கிழவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மன்றத்தின் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்காது. பையனைத் தோட்டத்திலிருந்து திரும்பக் கொண்டுவர மன்றத்துப் பிள்ளைகள் எத்தனை தடவை நடந்திருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது, அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவன் கொண்டு வந்த கூலி நின்றுபோன பிறகு அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது? உங்கள் படம் சொல்ல வேண்டியது அதைத்தான். நன்கொடை தருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

குடும்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பிள்ளையைக் கரையேற்ற முடியும் என்பதை நான் நம்பவில்லை. நல்ல அமைப்பு என்றால் வீட்டோடு சேர்ந்து நிற்கும். ஆயாவைத் தள்ளி உட்கார வைக்கும் யோசனை உங்களுடையதா, மன்றத்துக்காரர்களுடையதா என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களுடையது என்றால் படத்துக்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்னொன்று, இதில் சட்டமும் இருக்கிறது. பையனுக்கு 16 வயது. அவன் சம்மதித்தால் போதாது, மன்றத் தலைவர் கையெழுத்தும் போதாது. அப்பா அம்மா, அவர்கள் இல்லையென்றால் அவனை வளர்க்கிற பாதுகாவலர் சம்மதிக்க வேண்டும். நீங்கள் தள்ளி உட்காரச் சொன்னவரே அந்தக் கையெழுத்துக்கு உரியவராக இருக்கலாம். 14 வயதுக்குக் கீழே கூலி வேலைக்கு வைப்பது குற்றம். 13 வயதில் வேலை செய்த அந்தப் பையனை அதிகாரிகள் மீட்டுக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோயிருந்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு குறுக்கே வரும். அவன் பெயர், பள்ளி, ஊர், முகம், அவனை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கல்யாணத்திலிருந்து காப்பாற்றப்பட்ட சிறுமிகள் மன்றத்தில் இருந்தால் அவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. எந்தப் பிள்ளையின் பின்னணி என்ன என்று மன்றத்துக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கேமராவைத் திறக்காதீர்கள். முகத்தை மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். நானூறு பேர் இருக்கிற மலைக் கிராமத்தில் குரலும் திண்ணையும் போதும், யார் என்று தெரிந்துவிடும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஏற்காடு பஸ் அடிவாரத்தை நெருங்கும் முன் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் போகும். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கியது, நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். கண்டிப்புக்கும் நேரத்துக்கும் பேர்போன மனிதர். அங்கே வீடு வேண்டுமென்றால் செட் போட்டுக்கொள்ளலாம், ஒன்பது மணி என்றால் நடிகர் ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும். நீங்கள் போவது ஆட்கள் குடியிருக்கிற வீட்டுக்கு, அட்டவணை அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஏறத்தாழ நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம். விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் பகலில் போய்ப் பேட்டி கேட்டால் அவர்களுடைய ஒரு நாள் கூலி போகும். வேலை நடப்பதை எடுக்க ஆசையென்றால் அதுதான் சமயம், தோட்டத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் கடப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஆனால் சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதத்தில்தான். சுற்றுவட்டக் கிராமமெல்லாம் குடும்பத்தோடு அங்கே ஏறும். பத்தாவது ரிசல்ட் வருவதும், தவறியவர்கள் துணைத் தேர்வுக்குத் தயாராவதும் கிட்டத்தட்ட அந்தச் சமயம்தான். நானாக இருந்தால் மே மாதத்தில் தொடங்கி, தவறிய ஒரு பிள்ளை அந்த இரண்டாவது பரீட்சை எழுதி முடிக்கும் வரை, மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்வருவேன். பத்து நிமிடப் படம்தானே என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அள்ளிக்கொண்டு வந்தால் கபடியும் கைதட்டலும்தான் மிஞ்சும்.

வசனம் எழுத வேண்டாம், கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மன்றம் இல்லாத ஒரு சாதாரண நாளில் அந்தப் பையன் காலை ஐந்து மணியிலிருந்து என்ன செய்கிறான் என்று கூடவே இருந்து பாருங்கள். வராமல் நின்றுபோன பிள்ளைகளைப் பற்றியும் மன்றத்துக்காரர்களிடம் கேளுங்கள், அதற்கு அவர்கள் சொல்கிற பதில் படத்தில் இருக்க வேண்டும். சத்தத்தில் கவனம் வையுங்கள். மண்டபத்தில் பாட்டுப் போட்டு மூடிவிடலாம், இங்கே அது நடக்காது. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒரு வார்த்தை தேறாது, காலர் மைக் இல்லாமல் போகாதீர்கள்.

ட்ரோன் வேண்டாம். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு, பறக்கக் கூடாத பகுதிகள் என்று பார்க்க வேண்டும், காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் போக வேண்டும். அந்த அலைச்சலை அந்த வீட்டுக்காக அலையுங்கள். வாய்ப்பு வருமா என்றால், வரலாம், வராமலும் போகலாம், அதை நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய படம் இல்லை இது. பஸ் செலவும் ஹார்ட் டிஸ்க் செலவும் மன்றத்திடம் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடிட் முடிந்ததும் நன்கொடையாளர்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டுங்கள். 'இது வேண்டாம்பா' என்று ஆயா எதைச் சொல்கிறாரோ, அதை வாதாடாமல் எடுத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் சரி.

உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆயாவைத் தள்ளி உட்கார வைத்த அதே கைதான் இந்த வரியையும் எழுதியிருக்கிறது, தம்பி. அம்மாப்பேட்டைக்காரர் நீங்கள், உங்கள் வீட்டிலேயே தறி இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். தறிக்கு நூல் தார் சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களுக்கு, கூலிக்குப் போகிற பேரனை ஒரு கிழவி பள்ளிக்குத் திருப்பி அனுப்பியது புரியாமல் போகுமா? அவர் கேட்டது காசைப் பற்றி. 26 வயது மகனைப் பற்றி ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்கு நீங்கள் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. மாதத்தில் எத்தனை நாள் கல்யாண வேலை, எத்தனை நாள் மலை என்று உட்கார்ந்து அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மலை ஏறுங்கள். கேமராப் பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆயாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குச் செய்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.